57 வயதுக்காரருக்கு 68 வயது உடம்பா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 57. மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 61 வயதில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. "அந்த வயசு கிட்ட வர வர ராத்திரி தூக்கம் வருவதில்லை டாக்டர்" என்கிறார். அதனால் முதுமையைத் தள்ளிப்போட என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்திருக்கிறார். ஐந்து மாதமாக மதியம் இரண்டு மணிக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. எடை 74 கிலோவிலிருந்து 66-க்கு வந்துவிட்டது. மெட்ஃபார்மின் ஆயுளைக் கூட்டும் என்று யூடியூபில் கேட்டு, இரண்டு மாதமாக மனைவியின் சர்க்கரை மாத்திரையில் ஒன்றை விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது போட்டுக்கொள்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், முதுமையைத் தடுக்கும் என்று விற்கப்படும் என்.எம்.என் மாத்திரை டப்பா அனுப்புகிறார். இதற்கிடையே ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு ‘லாங்ஜெவிட்டி கிளினிக்’கில் சோதித்து, உடல் வயது 68 என்று சொல்லிவிட்டார்கள். செல்கள் ஆற்றல் தயாரிக்கத் தேவையான என்.ஏ.டி என்ற பொருளைப் பன்னிரண்டு முறை டிரிப்பாக ஏற்றினால் பத்து வயது குறையுமாம். மொத்தம் ₹1,80,000. முன்பணம் ₹25,000 கட்டியாகிவிட்டது. மீதி மாதத் தவணை. டிரிப் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அவர் கேட்பது: அந்த 68 உண்மையா? டிரிப் போடலாமா, வேண்டாம் என்றால் பணம் திரும்ப வருமா? அப்புறம், காசிமேட்டில் எண்பது வயதிலும் வெயிலில் உட்கார்ந்து வலை பின்னுகிற பெரியவர் ஒருவரைத் தினம் பார்க்கிறாராம். "அவர் ஒரு டெஸ்டும் எடுத்ததில்லை, ஒரு மாத்திரையும் போட்டதில்லை. அவருக்கு மட்டும் எப்படி?"

அண்ணே, நீங்கள் என்னைவிட மூத்தவர், அப்படியே கூப்பிடுகிறேன். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். அந்தச் சர்க்கரை மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இந்த இரண்டு மாதமாகப் பத்து, பதினோரு மணிக்குக் கை நடுங்குது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்குது. உடம்பில் இருக்கிற கழிவு வெளியேறுதுன்னு நினைக்கிறேன்." கழிவு இல்லை அண்ணே. அது ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதன் அறிகுறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சாதாரணமாகச் சர்க்கரை அப்படி இறங்காது. ஆனால் உங்கள் மனைவி அந்த மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போடுகிறார் என்கிறீர்கள். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் சாப்பாட்டோடுதான் அல்லது சாப்பிட்ட பிறகுதான் போடச் சொல்வோம். சாப்பாட்டுக்கு முன் என்றால் அது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கலாம். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் அதை வெறும் வயிற்றில் போட்டு, மதியம் இரண்டு மணி வரை எதுவும் சாப்பிடாமல், ஏணியில் ஏறி வால்வு கழற்றினால் என்ன ஆகும் என்று உங்கள் சேஃப்டி ஆபீசரே சொல்லுவார். இதன் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும் என்பதால் கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு நாள் ஜாக்கிரதையாக இருங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் ஏதாவது சாப்பிட வேண்டும். பேச்சுக் குழறினாலோ மயக்கமாக வந்தாலோ ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, உடனே போய்விடுங்கள்.

அண்ணியின் மாத்திரை மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வாரம் அவருக்குச் சர்க்கரை ஏறும். ஆக, இதில் இரண்டு பேர் ஆபத்தில் இருக்கிறீர்கள்.

அந்த 68 எங்கிருந்து வந்தது?

"மெஷின் மேல் வெறுங்காலோடு நின்றேன், இரண்டு கைப்பிடியைப் பிடித்தேன், ஒரு நிமிஷத்தில் ரிப்போர்ட் வந்தது." இந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு. அது உடம்பில் மெல்லிய மின்சாரம் விட்டுத் தண்ணீர், கொழுப்பு, தசை அளவை மதிப்பிடும் கருவி. ஜிம்களில்கூட இருக்கிறது. அதில் வரும் ‘உடல் வயது’, தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதை வைத்துக் கருவி போடும் ஒரு கணக்கு. தண்ணீர் குடிக்காமல் போனாலே எண் மாறும். நீங்களோ பட்டினியோடு, ஷிப்ட் முடித்து, வெயிலில் பஸ் பிடித்துப் போயிருக்கிறீர்கள். உங்கள் மரபணுவை யாரும் தொடக்கூட இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவது வேறு சோதனை. டி.என்.ஏ மேல் ஒட்டிக்கொள்ளும் ‘மெத்தில்’ என்ற சிறு ரசாயனக் குறிகள் வயதோடு ஒரு ஒழுங்கில் மாறுகின்றன. அதை வைத்து வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வாத் 2013-ல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட அது நல்ல கருவி. தனி ஒருவருக்கு இன்னும் அவ்வளவு நம்பகமில்லை. சில முறைகளில் ஒரே ரத்தத்தை இரண்டு தடவை சோதித்தால் சில வருடங்கள் வித்தியாசம் வருகிறது.

இன்னொன்று, உடம்பு முழுவதற்கும் ஒரே வயது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பம்பில் சீல் ஒரு வேகத்தில் தேயும், பேரிங் ஒரு வேகத்தில், இம்பெல்லர் ஒரு வேகத்தில். பம்புக்கு வயது என்ன என்று ஒரே எண்ணில் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். உடம்பிலும் அப்படித்தான், கூடவே உடம்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளவும் செய்கிறது, அந்தப் பழுது பார்க்கும் திறன் குறைவதுதான் முதுமையின் பெரும்பகுதி. மனித செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்துவிட்டு நின்றுவிடுகின்றன என்று 1961-ல் லெனார்டு ஹேஃப்ளிக் காட்டினார். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்வது அதற்கு ஒரு காரணம்; டெலோமியர் பற்றிய ஆய்வுக்கு 2009-ல் நோபல் கொடுத்தார்கள். பிரிவதை நிறுத்திய செல்களில் சில சாகாமல் அங்கேயே தங்கி, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சுற்றிலும் கசிய விடுகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாவது, கெட்டுப்போன புரதம் தேங்குவது, புது செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல் குறைவது என்று இன்னும் பல. 2013-ல் இப்படி ஒன்பது அடையாளங்களைப் பட்டியல் போட்டார்கள். 2023-ல் அது பன்னிரண்டாகிவிட்டது. பன்னிரண்டு விதமாகத் தேய்வதை ஒரே டிரிப் பாட்டில் சரிசெய்யும் என்று யாராவது சொன்னால், எது எதை எப்படி என்று கேளுங்கள்.

பட்டினிக்கு நோபல் கொடுக்கவில்லை

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆதாரமாக நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எனக்கும் எத்தனையோ முறை வந்ததுதான். யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது நிஜம். செல் தன் பழைய பாகங்களைத் தானே பிரித்து மறுபடி பயன்படுத்தும் ‘ஆட்டோஃபேஜி’க்கான மரபணுக்களை ஈஸ்டில் கண்டுபிடித்ததற்குத்தான் அந்தப் பரிசு. மனிதன் எத்தனை மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

உணவைக் குறைத்தால் எலிகள் கூடுதல் காலம் வாழ்வது 1935-லிருந்து தெரிந்த விஷயம்தான். மனிதர்களிடம் சரியாகச் செய்த சோதனை, அமெரிக்காவில் நடந்த ‘கேலரி’ ஆய்வு. இரண்டு வருடம், உணவு நிபுணர்கள் கூடவே இருந்து, கால்வாசி உணவைக் குறைக்கச் சொன்னார்கள். ஆட்களால் சராசரியாக 12 சதவீதம்தான் குறைக்க முடிந்தது. பிரஷரும் கொழுப்பும் குறைந்தன, நல்ல விஷயம். எலும்பின் அடர்த்தியும் தசையும் சேர்ந்தே குறைந்தன. அவர்கள் எல்லோரும் ஐம்பது வயதும் அதற்குக் கீழேயும் உள்ளவர்கள்.

உங்கள் 8 கிலோவில் தசை எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: "தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை." ஐந்து மாதத்துக்கு முன் முடிந்ததா இல்லையா? முடிந்தது என்றால், வயதைக் குறைக்கப் போய் வயதைக் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயப்பட வேண்டாம். 57 வயதில், உங்களைப் போலப் புகைக்கும் ஒருவருக்கு 8 கிலோ குறைந்தால், பட்டினிதான் காரணம் என்று நானாக முடிவு கட்ட மாட்டேன். நெஞ்சு எக்ஸ்ரே, எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தைராய்டு, சிறுநீரக ரத்தப் பரிசோதனை நான்கும் எடுங்கள்.

மாத்திரைகள் பற்றி நேர்மையாக

முதுமையைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சி எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ராபமைசின் என்ற மருந்து, ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த கிருமியிலிருந்து வந்தது. 2009-ல் அதை மனிதக் கணக்கில் சுமார் அறுபது வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது, ஆண் எலிகளின் உச்ச ஆயுள் 9 சதவீதமும் பெண் எலிகளுடையது 14 சதவீதமும் கூடியது. அது ஒரு பெரிய முடிவு. ஆனால் மனித ஆயுளைக் கூட்டும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வாய்ப்புண், கொழுப்பு ஏற்றம், தொற்று எல்லாம் அதன் பக்கவிளைவுகள்.

மெட்ஃபார்மின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், நோயே இல்லாதவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்று 2014-ல் பிரிட்டனிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. நீங்கள் யூடியூபில் கேட்டது அதுவாகத்தான் இருக்கும். 2022-ல் டென்மார்க்கில் அதே கேள்வியை வேறு விதமாகச் சோதித்தபோது அந்த லாபம் கிடைக்கவில்லை. 2019-ல் வந்த ஒரு சோதனையில், 65 வயதைத் தாண்டியவர்கள் எடை தூக்கும் பயிற்சி செய்யும்போது மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. சர்க்கரை உள்ள அண்ணிக்கு அது நல்ல மருந்து. அவர் தொடரட்டும், வருடம் ஒரு முறை ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கட்டும். உங்களுக்குத் தேவையில்லை.

மகன் அனுப்பும் என்.எம்.என் ரத்தத்தில் என்.ஏ.டி அளவை ஏற்றும், அது உண்மை. அதனால் மனிதர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. இந்த வியாபாரத்தில் பெரிய ஆட்களே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ராலை நம்பி கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் 2008-ல் 72 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்தை வாங்கியது. ஐந்து வருடத்தில் அதை மூடியது. டிரிப் வேண்டவே வேண்டாம். என்.ஏ.டி-யை வேகமாக ஏற்றினால் குமட்டல், நெஞ்சு இறுக்கம் வரும். ஏற்கெனவே ஏறியிருக்கும் உங்கள் பிரஷருக்கு (அதற்குப் பிறகு வருகிறேன்) அந்த அனுபவம் எதற்கு?

கட்டிய முன்பணம்

நான் வக்கீல் இல்லை, எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். இன்னும் பெறாத சேவைக்கான பணம் அது. "சிகிச்சை வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரவும்" என்று எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலாக இருந்தால் நல்லது. ரசீதையும் ‘பத்து வயது குறையும்’ என்ற நோட்டீசையும் பத்திரமாக வையுங்கள். 1945-ம் வருட மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த மருந்தும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ சொல்லிக்கொள்ளக் கூடாத நிலைகளின் பட்டியல் அது. அகால முதுமையும் அதில் உண்டு. இதை உங்கள் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறும். மாறவில்லை என்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. தவணைக் கடனில் கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் கிளினிக்குக்குப் போவதற்கு முன் கடன் நிறுவனத்துக்கும் தனியாக எழுதிவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவை

தொழிற்சாலை ஆண்டுப் பரிசோதனையில் பிரஷர் 152/96. "தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை, அதனால் மாத்திரை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்." சிகரெட், "முன்ன மாதிரி இல்லை, ஒரு நாளைக்கு அஞ்சே அஞ்சுதான்." இந்த இரண்டும் எனக்கு அந்த 68-ஐவிடக் கவலை தருகின்றன.

பத்து லட்சம் பேருடைய விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. 40 முதல் 69 வயதுக்காரர்களுக்கு, மேல் பிரஷர் 20 புள்ளி கூடினால் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் ஆபத்து இரண்டு மடங்கு. தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது, அதுதான் அதன் ஆபத்து. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வெவ்வேறு நாள் பாருங்கள். அப்படியே நின்றால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டியதுதான், அங்கே இலவசம். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். காசிமேட்டுக்காரர்களிடம் கருவாட்டை விடச் சொல்வது எனக்கும் சங்கடம்தான், வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகரெட்டில் ‘அஞ்சே அஞ்சு’ என்பது இதயத்துக்குப் பெரிய சலுகை இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று பிடித்தால்கூட, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், விடாமல் புகைத்தவர்கள் சுமார் பத்து வருடம் இழந்தார்கள்; ஐம்பதில் நிறுத்தியவர்கள் ஆறு வருடத்தைத் திரும்பப் பெற்றார்கள், அறுபதில் நிறுத்தியவர்கள் மூன்று. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். எந்த டிரிப்பிலும் இந்தக் கணக்கு கிடையாது. தனியாக முடியவில்லை என்றால் 1800-11-2356, இலவச எண்.

தசைக்கு: கை வைக்காத நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், அண்ணியை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் போனால் தசை பலவீனம் என்று ஆசிய நிபுணர் குழு சொல்கிறது. கெண்டைக்கால் சுற்றளவை டெய்லர் டேப்பால் அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது மீட்கக்கூடியது. 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. பிரஷர் கட்டுப்பட்டதும் வாரம் மூன்று நாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது, மாடிப்படி, தண்ணீர் கேன் தூக்குவது போதும். மூன்று வேளை சாப்பிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 66 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் மத்தி மீனிலோ நெத்திலியிலோ இருபது கிராம் அளவுக்கு இருக்கும், முட்டையில் ஆறு. விலை அதிகமான வவ்வால் மீன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நடப்பது நல்லதுதான், ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிப் புகைக்கு நடுவே வேண்டாம். பழைய ஆட்கள் ராபின்சன் பூங்கா என்று சொல்லும் ராயபுரம் அண்ணா பூங்காவுக்குள் நடங்கள்.

வலை பின்னும் பெரியவரைப் பற்றி. அவர் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைக்கிறீர்கள். அவரோடு சிறு வயதில் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர், அதில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அவரைப் போலவே வாழ்ந்து, ஐம்பதிலும் அறுபதிலும் போனவர்கள் அங்கே வெயிலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், நம் கண்ணில் படவும் மாட்டார்கள். அவருக்கு மரபணு கைகொடுத்திருக்கலாம், அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். அதைப் பார்த்து நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அப்பாவின் வயதும் உங்கள் விதி இல்லை. குடும்ப வழி இதய நோய் என்று நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வது, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் வந்தால். உங்கள் அப்பாவுக்கு 61. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி, ஆயுசில் ஒரு முறைகூடப் பிரஷர் பார்த்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடமிருந்து உங்களுக்கு வந்ததாக எனக்குத் தெரிவது பிரஷரும் புகையும்தான். இரண்டுக்கும் இன்று வழி இருக்கிறது.

மகனிடம் "நீ அனுப்பியது வீண்" என்று சொல்ல வேண்டாம். பயத்தில் பிள்ளைகள் செய்வது அது. டப்பா வேண்டாம், அந்தப் பணத்தில் கையில் கட்டும் பிரஷர் கருவி ஒன்று வாங்கி அனுப்பு என்று சொல்லுங்கள். மேல்கையில் கட்டுகிற மாதிரி, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரையும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். முப்பது தாண்டிவிட்டதே, அவருக்கும் ஒரு முறை பிரஷர் பார்த்துவிடலாம்.